உபயம்: நரி தர்மலிங்கம்

பாறைக்காட்டில் தர்மலிங்கம் என்று ஒரு நரி இருந்தது. அது தானம் செய்யக் கிளம்பினால் முதலில் தவளைகளின் மேளம் வரும். அப்புறம் மாலை வரும். கடைசியில்தான் தானம் வரும். சில நாள் அதுவும் வராது.

ஒரு பங்குனி மாதம் அந்த நரி, சடைச்சி என்ற இளங்கரடிக்கு உதவி செய்யக் கிளம்பியது.

சடைச்சிக்கு இரும்பு வேலை என்றால் உயிர். காட்டின் கொல்லனாக இருந்த பன்றியிடம் ஒரு வருஷம் துருத்தி ஊதியிருந்தது. பன்றி தன் மகள் வீட்டோடு வேறு காட்டுக்குப் போய்விட்டது. போகும்போது சம்மட்டி முதல் ஆணி வரை அத்தனையையும் வாரிக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பட்டறைக் கொட்டகை மட்டும் காலியாகக் கிடந்தது.

அந்தக் கொட்டகை மேல் இரண்டு பேருக்குக் கண். சடைச்சிக்கு அதில் உலை மூட்ட ஆசை. நரிக்கு அதில் கருவாட்டுக் கடை வைக்க ஆசை.

காட்டுத் தலைவி யானை வடிவாம்பாள் கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொன்னது. "குளம் வத்திப்போச்சு. ஊத்துத் தோண்ட ஒரு மம்பட்டி வேணும். சடைச்சி, உனக்கு எட்டு நாள் தவணை. வாய் மடங்காத மம்பட்டியா ஒண்ணு அடிச்சுக் கொண்டா, கொட்டகை உனக்கு. முடியலேன்னா தர்மலிங்கத்துக்கு."

"என்கிட்ட ஒரு சுத்தியல்கூட இல்லையே, யானையம்மா!" என்றது சடைச்சி.

நரி தொண்டையைக் கனைத்தது. "அட, நான் எதுக்கு இருக்கேன்? பழைய பட்டறைச் சாமான் ஒரு செட்டு என்கிட்ட இருக்கு. பழசுன்னு பேருதான், அத்தனையும் முதல் தரம்! புள்ள தொழில் தொடங்கட்டும். எல்லாம் என் உபயம்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. போட்டிக்காரனே சாமானும் கொடுக்கிறானே என்று ஒரு முயல் கண்ணீர் விட்டது. அந்த முயலுக்கு இளகின மனசு. மூளையும் அப்படித்தான்.

மறுநாள் மேளதாளத்தோடு சாமான் வந்தது. இரும்பை வைத்து அடிக்க ஓர் இரும்பு அடைகல், ஒரு சம்மட்டி, ஒரு குறடு, ஒரு துருத்தி. நான்கிலும் புத்தம்புது நீலப் பெயிண்ட். அதன் மேல் மஞ்சள் எழுத்து: "வள்ளல், ஏழைப் பங்காளன், கருவாட்டு வணிகர், நரி தர்மலிங்கம் உபயம்."

நரி ஒரு பொன்னாடையும் கொண்டு வந்திருந்தது. அதைச் சடைச்சியிடம் கொடுத்து, தனக்குப் போர்த்தச் சொன்னது. சடைச்சி போர்த்தியது. முயல் மறுபடி அழுதது.

எல்லோரும் போன பிறகு கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சடைச்சியின் கூட்டாளி, கொண்டையன் என்ற மரங்கொத்தி.

"என்ன புள்ள, சம்மட்டியில சம்மட்டியே தெரியல, பேருதான் தெரியுது?"

"வாயை மூடு கொண்டையா. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது!"

"மாட்டைப் பார்க்க வேணாம். இது இரும்பாச்சே, ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம்ல?"

"பேசாம போ!" என்று விரட்டிவிட்டது சடைச்சி. அதற்கு நன்றி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நன்றி பொங்கும்போது கண் சரியாகத் தெரியாது.

அன்றே உலை மூட்டியது. ஆற்றோரம் பொறுக்கிய பழைய வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையில் மூன்று துண்டு இருந்தது. ஒன்றை நெருப்பில் போட்டுத் துருத்தியை அமுக்கியது. துருத்தி நான்கு பக்கமும் புஸ்ஸென்று மூச்சு விட்டதே தவிர, நெருப்புக்கு ஒரு மூச்சும் போகவில்லை. வாயால் ஊதி ஊதி இரும்பைக் காய்ச்சிக் குறட்டால் எடுத்தது. குறடு வழுக்கி, துண்டு கால்மேல் விழுந்து முடியைப் பொசுக்கியது. சம்மட்டியை ஓங்கியது. காம்பு கையிலே இருந்தது. தலை பறந்து புதரில் போய் விழுந்தது.

"எவன்டா அவன்!" என்று புதருக்குள் தூங்கிய உடும்பு கத்தியது.

நான்கு நாள் இதே கூத்து. ஒரு துண்டு ஆறிப்போன பிறகு அடிபட்டுப் பிளந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து, "சாமான் தங்கமா இருக்கு. கைதான் சரியில்ல" என்றார்கள். "கரடிக்குத் தேன் திருடத்தான் வரும்" என்றும் சொன்னார்கள்.

நரி தினமும் காலையில் வந்தது. கருவாட்டுக் கூடையை எங்கே மாட்டலாம் என்று கயிறு வைத்து அளந்தது. போகும்போது தலையை ஆட்டியது. "சாமானைக் குத்தம் சொல்லாதே பாப்பா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

நான்காம் நாள் சடைச்சி உலை முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டது. "எனக்குக் கைராசி இல்ல, கொண்டையா. நான் தேன் திருடியே பொழைச்சுக்கறேன். தேனீ கொட்டுறதுகூட இவங்க பேச்சு அளவுக்கு வலிக்காது."

கொண்டையனுக்குப் பொறுக்கவில்லை. உத்தரவு கேட்காமல் அடைகல் மேல் வந்து உட்கார்ந்தது. எந்த மரம் உள்ளே பொத்தல் என்று தட்டியே சொல்லும் பரம்பரை அது. கல்லின் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனது.

டிங். டிங். டிங். டொக்!

"இங்க என்ன எழுதியிருக்கு, புள்ள?"

"வள்ளல்னு."

கொண்டையன் அந்த எழுத்தின் ஓரத்தை அலகால் சுரண்டியது. பெயிண்ட் உரிந்தது. கரியில் குழைத்த மெழுகு உரிந்தது. அடியில் விரல் நுழைகிற விரிசல்!

இருவரும் துருத்தியைப் புரட்டினார்கள். 'ஏழைப் பங்காளன்' என்ற எழுத்துக்கு அடியில் ஐந்து ஓட்டை, காகிதம் ஒட்டி மறைத்திருந்தது. குறட்டின் ஆணி தேய்ந்த இடத்தில் 'கருவாட்டு வணிகர்'. சம்மட்டியில் ஆப்புக்குப் பதிலாக உள்ளே களிமண், வெளியே 'தர்மலிங்கம்'.

"பேரு எங்க பெருசா இருக்கோ, அங்கதான் ஓட்டை!" என்று குதித்தது கொண்டையன்.

சடைச்சி அழுத கண்ணோடு சிரித்தது. "அப்படின்னா என் கை நல்லாத்தான் இருக்கு!" நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

"வா, யானையம்மாகிட்டப் போய் நரி மானத்தை வாங்குவோம்!" என்றது கொண்டையன்.

"போனா, நான்தான் கெடுத்தேன்னு நரி சாதிக்கும். இன்னும் நாலு நாள் இருக்கு. கொல்லனுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு கொண்டையா. கெட்டுப்போன சாமானை அதே சாமானை வெச்சே சரி பண்ணிக்கலாம்!"

சடைச்சி புளியங்கொம்பைச் சீவிச் சம்மட்டிக்குக் காம்பு போட்டு, இறுக்கமாக ஆப்பு அடித்தது. கோணித் துண்டில் பலாப்பால் தடவித் துருத்தியின் ஓட்டையை அடைத்தது. குறட்டின் வாயையும் ஆணியையும் நெருப்பில் வைத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தாடையும் கவ்வும்வரை அடித்தது. அடைகல்லின் விரிசல் ஒரு முனையில்தான் இருந்தது. கல்லைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, மறுமுனையை வேலைக்கு வைத்துக்கொண்டது. வள்ளலின் பெயர் மண்ணைப் பார்த்தது.

இரண்டாவது துண்டை உலையில் போட்டது. துருத்தி இப்போது நன்றாக ஊதியது. ஊதும் சந்தோஷத்தில் சடைச்சி நேரத்தை மறந்துவிட்டது. இரும்பு மத்தாப்புப் போலப் பொரிந்து எரிந்தேபோனது. இதற்கு நரியைக் குற்றம் சொல்ல முடியாது. இது முழுக்கச் சடைச்சியின் தப்பு.

மிச்சம் ஒரே துண்டு. சடைச்சி கொண்டையனைக் கூப்பிட்டது. "எந்த நிறத்துல எடுக்கணும்னு பன்றி சொல்லிச்சு. எனக்குத்தான் ஊதும்போது மறந்துபோகுது. உன் கொண்டைச் சிவப்பைத் தாண்டினதும் எடுக்கணும். கொஞ்சம் கிட்ட வந்து நில்லேன்!"

"என்னை வறுத்துடாதே, தாயே!" என்றது கொண்டையன். ஆனாலும் உலையோரம் வந்து தலையை நீட்டியது. சடைச்சி இரும்பைப் பார்த்தது, கொண்டையைப் பார்த்தது, மறுபடி இரும்பைப் பார்த்தது. "இப்போ!" என்று கத்திக்கொண்டே இரும்பை வெளியே எடுத்து அடித்தது. ஆறினால் மறுபடி நெருப்பில் வைத்தது. மூன்று நாள் கொண்டையன் வெந்து வியர்த்தது. மண்வெட்டி பிறந்தது.

எட்டாம் நாள் காடே வற்றிய குளத்தில் கூடியது. வடிவாம்பாள் மண்வெட்டியைத் துதிக்கையில் வாங்கிக் கல்லும் மண்ணும் கலந்த தரையில் ஓங்கி வெட்டியது. நங்! வாய் மடங்கவில்லை. இருபது வெட்டு, நாற்பது வெட்டு. மண் ஈரமானது. அடுத்த வெட்டில் தண்ணீர் கசிந்தது. குட்டிகள் எல்லாம் ஓவென்று கத்தின.

நரியின் முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனால் நரியாயிற்றே! ஒரே தாவில் பாறைமேல் ஏறிக்கொண்டது.

"பார்த்தீங்களா என் சாமானோட மகிமையை! கை யாருதா இருந்தா என்ன? சாமான் என்னுது. அப்ப மம்பட்டியும் என்னுது. கொட்டகையும் என்னுதுதான்! சாமானை நான் இரவலாத்தானே கொடுத்தேன்?"

தவளைகள் மேளம் கொட்டின. "அதுவும் நியாயம்தானோ?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். முயல் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாரானது. கொண்டையன் கத்த வாயைத் திறந்தது. சடைச்சி அதன் வாலைப் பிடித்து இழுத்து நிறுத்தியது.

"நரி மாமா சொல்றது சரிதான்" என்றது சடைச்சி, பால் வடியும் முகத்தோடு. "எல்லாம் அவர் உபயம். அதனால பட்டறையை அவர் கையாலதான் தொடங்கி வைக்கணும். அடைகல்லுல, அவரு பேரு மேல, ஒரே ஒரு அடி!"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம். எல்லோரும் கொட்டகைக்கு ஓடினார்கள். வடிவாம்பாள் அடைகல்லைப் புரட்டிப் பெயர் தெரிய வைத்தது.

நரி ஓரடி பின்னால் வைத்தது. "இன்னைக்குக் கை வலி…"

"வள்ளலுக்குக் கை வலிக்கலாமா?" என்றது கொண்டையன்.

நரி சம்மட்டியை வாங்கி, எழுத்தில்லாத ஓரமாகப் பார்த்துப் பூப்போலத் தட்டியது.

"அங்க இல்ல மாமா, பேரு மேல!"

"நாள் நல்லா இல்ல, நாளைக்கு…"

வடிவாம்பாள் காதை ஆட்டுவதை நிறுத்தியது. "முதல் தரச் சாமான்னு நீதானே சொன்னே? ஓங்கி அடி, தர்மலிங்கம்."

வேறு வழியில்லை. நரி கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தது.

டொக்! 'வள்ளல்' எழுதிய முனை உடைந்து நரியின் வால்மேல் விழுந்தது.

"ஐயோ! என் வாலு! இந்தக் கரடிதான் உடைச்சு வெச்சிருக்கு! எட்டு நாளாக் கண்டபடி அடிச்சு விரிசல் விட்டுடுச்சு!"

வடிவாம்பாள் உடைந்த துண்டைத் தூக்கி வெயிலில் காட்டியது. "புதுசா உடைஞ்ச இரும்பு பளபளன்னு இருக்கும். இது பாதிக்கு மேல ஒரே துரு. பல வருஷத்துத் துரு. துரு மேல மெழுகு. மெழுகு மேல பெயிண்ட். பெயிண்ட் மேல உன் பேரு."

கூட்டம் மொத்தமும் நரியைத் திரும்பிப் பார்த்தது. மேளத் தவளைகள் மட்டும், புது ஊற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவசரமாகக் கிளம்பிவிட்டன.

"கொட்டகை சடைச்சிக்கு" என்றது வடிவாம்பாள். "உடையாத கல்லும் மத்த சாமானும் சடைச்சிக்கு. அதையெல்லாம் சாமானாக்கினது அதோட கை. உன் பேரு எழுதின துண்டு உன்னுது. யாரும் கை வைக்க மாட்டோம். நீயே இழுத்துட்டுப் போ!"

நரி இழுத்தது. துண்டு கனமோ கனம். பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியது. நின்ற இடத்தில் எல்லாம் குட்டிகள் சுற்றி நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தன: "வ… ள்… ள… ல்!" பின்னால் கொட்டகையில் சடைச்சியின் சம்மட்டிச் சத்தம் கணீரென்று கேட்டது.

உதவியைவிட உதவியவர் பெயர் பெரிதாகத் தெரிந்தால், அந்தப் பெயரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நன்றி சொல்ல வேண்டும்.