தேர்வீதியில் உருண்ட தொந்தியப்பன்

முன்னொரு காலத்தில், தேர் என்றால் உயிரை விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். விடிந்ததும் குதிரைகளைப் பூட்டித் தேர்வீதியில் ஒரு சுற்று வராவிட்டால் அவருக்குக் கஞ்சி இறங்காது. ஒருநாள் தயிர்க்காரி ஒருத்தி குறுக்கே வர, குதிரைகள் மிரண்டன. ராஜாவின் கிரீடம் நழுவி மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. ஊரே பார்த்துவிட்டது.

அரண்மனைக்குத் திரும்பியதும் பறை அறைவித்தார். "இன்றுமுதல் தேர்வீதியில் மனிதக் கால் படக் கூடாது. நடப்பவர்கள் ஓரத்து நடைபாதையில்தான் நடக்க வேண்டும். மீறினால், பொழுது சாயும்வரை லாயத்தில் குதிரை லத்தி அள்ள வேண்டும்!"

கட்டளை சரிதான். ஆனால் நடைபாதை எங்கே இருந்தது? பெரிய வீட்டு வேலிகள் அதை விழுங்கிப் பல காலம் ஆகியிருந்தது. அதிலும் முதல் மந்திரியான பிரதானி அகோரமூர்த்தியின் கிளுவை வேலி இருக்கிறதே, முள்ளும் கொடியுமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஓணான்கூட யோசித்துத்தான் உள்ளே நுழையும்.

ஜனங்கள் முள்ளில் கிழிபட்டார்கள். இல்லையென்றால் லத்தி அள்ளினார்கள். மருத்துவச்சி ஆவுடை, பிரசவம் பார்க்க ஓடுகிற அவசரத்தில் வீதியில் இறங்கிவிட்டாள். காவலர்கள் பிடித்துக்கொண்டு போய் லாயத்தில் விட்டார்கள். அந்தப் பிள்ளை தகப்பன் கையிலேயே பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தது தெய்வச் செயல்.

மறுநாள் ஆவுடை நேரே தொந்தியப்பன் வீட்டுக்கு வந்தாள். தொந்தியப்பன் அரசவை விகடகவி. பேர்தான் அப்படி, ஆள் முருங்கைக்காய்.

"ராசாகிட்ட சிரிக்கச் சிரிக்கப் பேசுறீங்களே, இதைச் சொல்லப்படாதா சாமி? இன்னொரு வீட்டுல வலி கண்டா, நான் முள்ளுக்குள்ள நிக்கவா, லாயத்துல நிக்கவா?"

தொந்தியப்பனுக்கு அன்றைக்கு வேடிக்கைப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனான்.

"மகாராஜா, நடைபாதையில் நடக்க வழியில்லை. வேலிகளை வெட்டத் தாங்கள் உத்தரவிட வேண்டும்."

பிரதானிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பிரதானி பேசினால் ராஜா தலையை மட்டும் ஆட்டுவார். தொந்தியப்பன் பேசினால் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் வெகுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர், இப்போது எழுந்தார்.

"பொய், பிரபு! பாதை தாராளமாக இருக்கிறது. விகடகவிக்கு நடக்கச் சோம்பல். நாளைக் காலை சபை கூடுமுன் அவர் தம் வீட்டிலிருந்து இங்கே வந்து காட்டட்டும். தேர்வீதியில் கால் படக் கூடாது. வேலியில் ஓர் இலையும் உதிரக் கூடாது. தவறினால் ஆயுள் முழுதும் லாயத்தில் கிடக்கட்டும்!"

வேடிக்கை பார்க்கிற ஆசையில் ராஜாவும், "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சோற்றின் முன்னால் உட்கார்ந்த தொந்தியப்பன் ஒரு கவளமும் எடுக்கவில்லை. "கால் படக் கூடாது... கால் படக் கூடாது..." என்று முனகிக்கொண்டே இருந்தான். மனைவி வடிவு பயந்துபோனாள். திடீரென்று கெக்கலி கொட்டிச் சிரித்தவன், "வடிவு, இன்னொரு அகப்பை சோறு போடு!" என்றான்.

விடிந்தது. பிரதானியின் ஆட்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வந்து வாசலில் நின்றார்கள். தொந்தியப்பன் படியிலேயே படுத்தான். கோயில் பிராகாரத்தில் அங்கப்பிரதட்சிணம் செய்கிற மாதிரி வீதியில் உருள ஆரம்பித்தான். மல்லாந்தால் கால்களை வானத்துக்குத் தூக்கினான். குப்புறப் புரண்டால் முழங்காலை மடக்கிப் பாதங்களை முதுகுப் பக்கம் உயர்த்தினான். சாட்சிகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். கால் படவே இல்லை.

ஆவுடை பார்த்தாள். "அடியே, வழி கிடைச்சிருச்சு!" என்று கூவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் உருண்டாள். அவளுக்குப் பின்னால் தயிர்க்காரி, குயவர், கொல்லர், சந்தைக்குப் புறப்பட்டவர்கள் என்று வீதி முழுக்க ஜனங்கள் பூசணிக்காய்களாக உருண்டார்கள்.

எதிரே ராஜாவின் தேர் வந்தது. குதிரைகள் நின்றுவிட்டன. அவற்றுக்கும் இது புதுசு.

"என்ன கூத்து இது? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்லை மகாராஜா, கீழ்ப்படிதல்!" தொந்தியப்பன் மல்லாந்தபடியே கும்பிட்டான். "முதுகு பட்டது, வயிறு பட்டது, மூக்குகூடப் பட்டது. கால் மட்டும் படவில்லை. பிரதானியாரின் ஆட்களே சாட்சி."

தேரில் ராஜாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிரதானி துள்ளினார். "அவமதிப்பு, பிரபு! பக்கத்திலேயே பாதை இருக்கும்போது..."

"இருந்தால் பிரதானியார் முன்னே நடக்கட்டும். நாங்கள் பின்னால் வருகிறோம்."

"நியாயம்தான். இறங்கும்" என்றார் ராஜா.

தேரை ஓரங்கட்டி, பிரதானியை அவருடைய வேலியோரமே இறக்கிவிட்டார்கள். முதல் அடியில் அங்கவஸ்திரம் போயிற்று. இரண்டாம் அடியில் தலைப்பாகை கொப்பில் தொங்கியது. மூன்றாம் அடியில் முள் எங்கே குத்தியதோ, "ஐயோ!" என்று அலறி நடுவீதியில் வந்து குதித்தார்.

"ரெண்டு காலும் பட்டுருச்சு ராசா!" என்று தரையிலிருந்து குரல் கொடுத்தாள் ஆவுடை.

ராஜா சிரித்த சிரிப்பில் தேர் குலுங்கியது. பிறகு அவரே எட்டி ஒரு கிளையைத் தொட்டார். சுருக்கென்று விரலில் ரத்தம் துளிர்த்தது. சிரிப்பு அடங்கியது.

"இதற்குள்ளா என் ஜனங்கள் நடந்தார்கள்?"

ஆவுடை எழுந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளை பிறந்த கதையைச் சொன்னாள். ராஜா பிரதானியின் பக்கம் திரும்பினார்.

"இன்றைக்கே எல்லா வேலிகளும் சுவர்வரை வெட்டப்படட்டும். மருத்துவச்சி வந்தால் இனி என் தேரும் ஒதுங்கி நிற்கும். பிரதானியாரே, உம்முடைய வேலியை நீரே வெட்டும். முடித்துவிட்டு லாயத்துக்குப் போம்."

தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தொந்தியப்பனுக்குப் போர்த்தி, தேரில் பக்கத்தில் உட்காரவைத்து, அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

வாசலுக்கு வந்த வடிவு தேரைப் பார்த்தாள். ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டாள். உச்சி முதல் உள்ளங்கால்வரை புழுதியும் லத்தியும் அப்பியிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"அந்தப் பட்டுச் சால்வையை இப்படிக் குடுங்க. நீங்க நேரா கிணத்தடிக்குப் போங்க!"

தேர் திரும்பி வீதிமுனை தாண்டிய பிறகும் ராஜாவின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம்.