ஏறியது என்பதற்கு ஒரு சொல்

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் தண்ணீர் பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்த ராக்கியப்பனுக்கு ஐம்பத்துமூன்றாம் வயதில் ஒரு குரு வாய்த்தார். மருந்துக் கடை மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஐரீன் மிஸ். வயதில் ராக்கியப்பனின் மகளைவிட இளையவர்.

நைரோபியிலிருந்து பம்பு வாங்க ஒரு குழு வரவிருந்தது. பட்டறை வளர்ந்த விதத்தை அவர்களிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது ராக்கியப்பனின் ஆசை. பேச ஆள் வைக்கலாமே என்று மகள் சொன்னதற்கு, "என் பட்டறையப் பத்தி இன்னொருத்தன் பேசறதா?" என்றுவிட்டார்.

மிஸ் எழுதிக்கொடுத்த வாக்கியம் சின்னது. 'அவர் சேல்ஸ் க்ரூ.' எங்கள் விற்பனை வளர்ந்தது.

"சப்புன்னு இருக்குதுங்க மிஸ்."

"'ரோஸ்'னு போடலாம். ஏறிச்சுன்னு அர்த்தம்."

"அதுக்கு மேல?"

"'க்ளைம்ட்'. மலை ஏறற மாதிரி."

"அதுக்கும் மேல?"

மிஸ் கண்ணை மூடித் திறந்தார். "சார், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமா ஏறும். பால் பொங்குது, பிள்ளை வளருது. ரெண்டும் மேலதான் வருது. பிள்ளை பொங்குச்சுன்னு சொல்வீங்களா?"

"சொல்லமாட்டனுங்க. ஆனா வர்றவங்க அசரோணுமில்ல?"

அன்றிரவே அசரவைக்கும் சொல் ஒன்றை அவர் போனில் கண்டுபிடித்தார். 'ஸ்கைராக்கெட்டட்.' மறுநாள் வகுப்பில் அதை உரக்கச் சொல்லிக் காட்டினார்.

"வேண்டாம் சார்."

"ஏனுங்க?"

"அது உங்க சொல் இல்ல."

"எல்லாமே இங்கிலீசுதானுங்களே. அதுல என் சொல்லு எங்கிருந்து வரும்?"

மிஸ் பலகையை அழித்தார். இப்படி மொட்டையாகப் பேசுகிறவரிடம் போய்ச் சேர்ந்தோமே என்று ராக்கியப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

நைரோபிக்காரர்கள் வந்தார்கள். ராக்கியப்பன் எழுந்து நின்று, மிஸ் சொன்னதை ஒதுக்கிவிட்டு, தன் சொல்லையே சொன்னார். விற்பனை ராக்கெட்டாகப் பறந்தது என்றார்.

குழுவின் தலைவியான அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். எந்த வருடம் என்று கேட்டார். அந்த வருடம் என்ன நடந்தது என்று கேட்டார். இது நிலைக்குமா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

ராக்கியப்பனுக்குக் கேள்வி புரிந்தது. ஆனாலும் "வெரி குட், வெரி குட்" என்று சிரித்துவைத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் திரும்புமுன் வெள்ளிக்கிழமை இன்னொரு முறை வருகிறோம் என்று சொல்லிக் காரில் ஏறினார்கள்.

மறுநாள் காலை மாடி ஏறி வந்தவர் உட்காரவில்லை.

"மானம் போச்சுங்க மிஸ். பதில் சொல்ற மாதிரி ஒரு வார்த்தை நீங்க சொல்லிக் குடுக்கல."

"அந்த அம்மா என்ன கேட்டாங்க?"

"என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க."

"சரி, என்ன நடந்துச்சு?"

"அதை இங்கிலீசுல சொல்லத் தெரிஞ்சா நான் ஏனுங்க இங்க வர்றேன்?"

மிஸ் புத்தகத்தை மூடி மேசைக்குள் போட்டார். "தமிழ்ல சொல்லுங்க."

"தமிழ்ல என்னத்தைச் சொல்ல? ஒண்ணும் நடக்கலீங்க." ராக்கியப்பனின் குரல் ஏறியது. "பக்கத்துப் பட்டறைக்காரன் வறட்சி வருசத்துல பம்பு வித்தே வானத்துக்குப் போனான். மழை பேஞ்சது, இப்ப அங்க பேக்கரி இருக்குது. எனக்கு அப்படி ஒண்ணுமில்லீங்க. காலைல போய்ப் பட்டறையத் திறந்தேன். வித்த பம்பு நின்னு போச்சுன்னா நானே போய் கெணத்துல எறங்கிப் பாத்தேன். அந்த வெவசாயி பக்கத்துக் காட்டுக்காரர்கிட்டச் சொன்னாரு. ஒரு வருசம் தாராபுரத்துல ஒரு கடை நம்ம பம்ப எடுத்து வித்துச்சு, அடுத்த வருசம் காங்கேயத்துல ஒண்ணு. மழை வருசத்துலயும் குறையல. வேலைக்கு வந்த ஆளு எவனும் போகல. கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே இருந்துச்சு, அவ்வளவுதானுங்க. இதுல அவங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க இருக்குது?"

மூச்சு வாங்க, நாற்காலியில் உட்கார்ந்தார்.

மிஸ் எழுந்துபோய்ப் பலகையில் 'அவர் சேல்ஸ் க்ரூ' என்று எழுதினார். அதன் பக்கத்தில் இன்னொரு சொல் சேர்த்தார்.

ராக்கியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஸ்டெ...டிலி. இது புதுசா இருக்குதுங்க. இதுக்கு என்ன அர்த்தமுங்க?"

"இப்ப கோபமா, 'கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே இருந்துச்சு'ன்னு சொன்னீங்களே சார், அதுதான்."