எதிரே நின்றவன்

அண்ணன் அரசனும் தம்பி அரசனும் அடித்துக்கொண்டு ஓய்ந்தபின், கிழட்டுப் படைவீரர் சேந்தன் ஆற்றோர மடத்தில் வந்து ஒதுங்கினார். மடத்துத் துறவி மங்கையம்மைக்கு அவர் வயதில் பாதிதான். ஆனாலும் சேந்தன்தான் சீடர். காலையில் வாசல் பெருக்குவார். சாயங்காலம் கேள்வி கேட்பார்.

அன்றைக்குப் பெருக்கவில்லை. துடைப்பத்தை எறிந்துவிட்டு வந்து நின்றார்.

“இன்றைக்கும் அவன் வீட்டில் சோறு கொதிக்கிற வாசனை, தாயே.”

“யார் வீட்டில்?”

“ஒற்றைக்கை வீரணன் வீட்டில்தான். தோற்ற படைக்காரன்! தனிக்கட்டை. அவனுக்கு மாதம் பிறந்தால் இரண்டு மரக்கால் நெல். ஜெயித்த படையில் நின்ற எனக்கு மடத்துக் கஞ்சி.”

“அரசர் இரண்டு படைக்கும்தானே கொடுக்கச் சொன்னார்?”

“சொன்னார். உடம்பில் காயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சண்டை போட்டதைப் பார்த்தவன் வந்து சொல்ல வேண்டும். அரண்மனை வாசலில் என் துண்டை எடுக்கச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. ‘பெரியவரே, சண்டை நடந்தபோது எந்த அடுக்களையில் இருந்தீர்?’ என்கிறான் மணியக்காரன். வாசலே சிரித்தது.”

அந்தச் சிரிப்பைவிட வேறொன்று அவர் வயிற்றில் எரிந்தது. வீரணன் தெருவில் போகும்போதெல்லாம் அவனுடைய வெட்டுப்பட்ட தோளையே பார்ப்பார், அடுத்த வீட்டுக்காரி கழுத்து நகையைப் பார்ப்பதுபோல.

“பார்த்தவர் ஒருவருமா இல்லை?” என்றார் அம்மை.

“என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஆற்றுத்துறைச் சண்டையிலேயே செத்துப்போனார்கள்.”

“எதிரே நின்றவர்கள்?”

சேந்தன் குனிந்து துடைப்பத்தை எடுத்தார். பெருக்கிய இடத்தையே பெருக்கினார்.

“சேந்தரே, வீரணரின் கையை வெட்டியது யார்?”

“நான்தான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“முகத்தைப் பார்த்துத்தான் வெட்டினேன்.”

“அவரிடம் போய்க் கேளும்.”

“அவனிடமா? செத்தாலும் மாட்டேன்!”

“கஞ்சி பானையில் இருக்கிறது,” என்றார் அம்மை.

சேந்தன் அந்தக் கஞ்சியைச் சில நாள் குடித்துப் பார்த்தார். பிறகு போனார்.

வாசலில் உட்கார்ந்திருந்த வீரணன் எழவில்லை. “வாரும். வருஷக்கணக்காக என் தோளை முறைத்துக்கொண்டு போகிறீரே, வாய் திறக்க இத்தனை நாளா?”

சேந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வீரணன் எழுந்து முன்னால் நடந்தான்.

அரண்மனை வாசலில் தோளைக் காட்டினான். “இவர் சண்டை போட்டாரா என்று கேட்டீர்களாமே. இது பின்னே யார் செய்தது? நானே அரிந்துகொண்டேனா?”

வாசல் சிரிக்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் சேந்தன் மடத்துக்குத் திரும்பினார். முகம் தெளிந்திருக்கவில்லை.

“கிடைத்ததா?”

“கிடைத்தது. காயமில்லாத எனக்கு ஒரு மரக்கால், அவனுக்கு இரண்டு! வெட்டியவனுக்கு ஒன்று, வெட்டுப்பட்டவனுக்கு இரண்டு. ஜெயித்தது யார், தாயே?”

அம்மை விளக்குத் திரியைத் தூண்டினார். “ஏன் இவ்வளவு நேரம்?”

“அவன் நெல்லை மூட்டை கட்ட வேண்டாமா? ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடப் பார்க்கிறான். பாதி நெல் தரையில் கொட்டுகிறது. பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? கட்டி, வீடுவரை சுமந்து போட்டுவிட்டு வருகிறேன்.”

“மற்ற மாதங்களில் யார் சுமந்தது?”

“கூலிக்கு ஓர் ஆள் வருவானாம். சுமந்து வந்து, குத்தி, புடைத்துக் கொடுப்பானாம்.”

“என்ன கூலி?”

சேந்தன் சொல்ல வாயெடுத்தார். தான் கொண்டுவந்த நெல்லைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு மரக்கால்.”

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அம்மை சுடரைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“அடுத்த மாதம் அந்த ஆளை வர வேண்டாமென்று சொல்லிவிடும்.”