நாவல்மடுவும் ஒரு வாய் மண்ணும்

ஒரு காட்டில், நாவல் மரங்கள் சூழ்ந்த மடு ஒன்று இருந்தது. மடு என்றால் தெரியுமா, குழந்தைகளே? ஆற்றின் நடுவே ஆழமாகப் பள்ளம் விழுந்து, ஆறு வற்றிய பிறகும் தண்ணீர் தங்கி நிற்கும் இடம். அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் நாவல்மடுவை நம்பித்தான் கோடையைக் கழித்தன.

மடுவின் கரையில் ஒரு வளை. அதில் துடியன் என்ற நீர்நாயும் அவன் மனைவி கயலியும் குடியிருந்தார்கள். துடியனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இன்று இந்த ஓடை, நாளை அந்தக் கரட்டுக் குன்று என்று சுற்றிக்கொண்டே இருப்பான்.

"உங்க கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கயலி கேட்காத நாள் இல்லை.

அந்தக் காட்டுக்குப் பெரியவர் கொம்பையா என்ற யானை. அவர் நின்றால் எல்லா விலங்குகளும் நிற்கும், நடந்தால் எல்லாம் நடக்கும். அவர் பக்கத்தில் ஒரு நரி எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும். யானை தும்மினால்கூட, "ஆகா, என்ன கம்பீரம்!" என்று சொல்லும். அதற்கு ஆமாஞ்சாமி என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வருஷம், மாசி மாதமே மடு இறங்கத் தொடங்கியது. துடியன் முக்குளித்துப் பார்த்தான். முன்பெல்லாம் மூச்சுப் பிடித்துப் போக வேண்டிய அடித்தரை இப்போது சட்டென்று மூக்கில் இடித்தது. வருஷா வருஷம் வெள்ளம் கொண்டுவந்த வண்டல் மெத்தை மெத்தையாகப் படிந்து கிடந்தது. நேராக யானையிடம் ஓடினான்.

"பெரியவரே, மடு தூர்ந்துக்கிட்டே வருது."

"என் தாத்தா காலத்திலேர்ந்து இந்த மடு வத்துனதே இல்லை. போய் வேலையைப் பாரு" என்றார் கொம்பையா.

"வத்துனதே இல்லை!" என்றது நரி.

துடியன் யோசித்தான். நம்மைவிட மழை குறைந்த ஊர்களும் இருக்கின்றனவே, அங்கே இருப்பவர்கள் கோடையில் என்னதான் செய்கிறார்கள்? போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

"குட்டி போடுற நேரத்துல ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்களாக்கும்!" என்று கயலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதுக்குள்ள வந்துடுவேன், கயலி" என்று சொல்லிவிட்டுத் துடியன் புறப்பட்டான்.

இரண்டு கரடுகளைத் தாண்டினால் செம்மண் காடு. எங்கு பார்த்தாலும் உடைமரமும் பனையும்தான். காற்று அனலாக அடித்தது. இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்காது என்று நினைத்துக்கொண்டே நடந்த துடியன், ஒரு மேட்டில் ஏறியதும் வாயைப் பிளந்தான். கீழே ஒரு குட்டை, தளும்பத் தளும்பத் தண்ணீரோடு கிடந்தது.

ஓடிப்போய் வாயை வைத்தான். மூக்கில் நறுக்கென்று ஒரு கொத்து விழுந்தது.

எதிரே கைப்பிடி அளவு ஒரு கவுதாரி நின்றது. செங்காட்டாள் என்று பெயர். அந்தக் குட்டைக்கு அவள்தான் காவல்.

"யாரு நீ? எந்த ஊரு?"

"நாவல்மடு. விருந்தாளி."

"விருந்தாளியா? வா தம்பி, வா! குடி, வயிறு முட்டக் குடி. குடிச்சுட்டு, அடியில போய் ஒரு வாய் மண்ணு எடுத்து அந்த மேட்டுல கொண்டுபோய்ப் போடு."

"விருந்தாளி மண் சுமக்கணுமா?" துடியனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க ஊர்ல விருந்தாளிக்குத்தான் முதல் வாய்! அதுதான் மரியாதை" என்றாள் செங்காட்டாள்.

இது என்ன கூத்து என்று நினைத்தாலும், தாகம் யாரை விட்டது? குடித்தான். முக்குளித்து ஒரு வாய் மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே வந்தான். அவன் பின்னாலேயே ஒரு முயல் ஒரு வாய் மண்ணோடு வந்தது. அதன் பின்னால் ஓர் உடும்பு, அதன் பின்னால் ஓர் அணில். காட்டுப்பன்றிகள் சேற்றில் புரண்டுவிட்டு அப்படியே மேட்டுப் பாறைக்கு ஏறிப்போய், அங்கேதான் முதுகை உரசின. யாரும் யாரையும் விரட்டவில்லை. குடித்தார்கள், எடுத்தார்கள், போனார்கள்.

"எதுக்கு இந்த வழக்கம்?" என்று கேட்டான் துடியன்.

"மழை தண்ணியை மட்டுமா கொண்டு வருது? மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டு வருது. அந்த மண்ணு ஊத்துக் கண்ணை அடைச்சுடும். கண்ணை அடைச்சுட்டா அப்புறம் தண்ணி எங்கேர்ந்து வரும்? குடிக்கிறவங்கதான் தூர் வாரணும். வேற யாரு வந்து வாருவா?"

துடியன் எட்டு நாள் அங்கே தங்கினான். அவர்களோடு நுங்கு தின்றான். ஒருவரையொருவர் பார்க்கும்போது அவர்கள் மூக்கால் மண்ணைத் தொட்டு வணங்குவார்கள். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தவன், எட்டாம் நாள் தானும் மூக்கால் மண்ணைத் தொட்டு விடைபெற்றான்.

ஊர் திரும்பியபோது வளைக்குள் நான்கு குட்டிகள் இருந்தன. பிறந்து இரண்டு நாள்தான். கண்கூடத் திறக்கவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க, போங்க!" என்றாள் கயலி. பாதி கோபம், பாதி சிரிப்பு.

மறுநாளே துடியன் எல்லா விலங்குகளையும் மடுக்கரையில் கூட்டினான். செம்மண் காட்டில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னான். "குடிச்சவங்க ஒவ்வொருத்தரும் ஒரு வாய் மண்ணு எடுத்தா போதும்" என்று முடித்தான்.

சில விலங்குகள் முயன்று பார்த்தன. காட்டுப்பன்றி ஒரு வாய் மண்ணை எடுத்தது. அதில் ஒரு கோரைக்கிழங்கு இருந்தது. மண்ணோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டது. குரங்கு கன்னத்தில் அடக்கிக்கொண்டு கரையேறியது. பாதி வழியில் இன்னொரு குரங்கைத் திட்ட வாயைத் திறந்தது. மண் முழுக்கத் திரும்பவும் மடுவிலேயே விழுந்தது.

எல்லோரும் யானையைப் பார்த்தார்கள். கொம்பையா தும்பிக்கையைக்கூட அசைக்கவில்லை.

"நானா? வாயில மண்ணா? பஞ்சத்துல அடிபட்ட ஊர்க்காரன் வழக்கம் நமக்கு எதுக்கு?"

"நமக்கு எதுக்கு?" என்றது நரி.

அவ்வளவுதான். யானை செய்யாததை யார் செய்வார்கள்? கூட்டம் கலைந்தது. துடியனும் கயலியும் மட்டும் பகலெல்லாம் வாய் வாயாக மண்ணைக் கவ்விக் கரையேற்றினார்கள். அவ்வளவு பெரிய மடுவில் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பத்து நாள் போனது. மடு முழங்கால் சேறாகிவிட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் நின்றது. கொம்பையா அறிவித்தார்:

"இன்னும் மூணு நாள்ல எல்லாரும் பெரிய ஆத்துக்குப் புறப்படுறோம். நாலு நாள் நடை."

மான்கள் ஓடிவிடும். குரங்குகள் தாவிவிடும். வளைக்குள் கிடந்த குட்டிகளோ இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"நாலு குட்டி இருக்கு. நமக்கு இருக்கிறது ரெண்டு வாய்" என்றாள் கயலி. நான்கையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "எந்த ரெண்டை விட்டுட்டுப் போறது, சொல்லுங்க?"



அப்போது வெளியே தடதடவென்று நிலம் அதிர்ந்தது. கொம்பையா சேற்றில் நன்றாகப் புரண்டுவிட்டுக் கரையேறினார். முதுகு, விலா, வயிறு, நான்கு கால் என்று உடம்பு முழுக்கச் சேறு அப்பியிருந்தது. நேரே கரையோர நாவல் மரத்தில் போய் உரசினார். சேறு கட்டி கட்டியாகப் பெயர்ந்து, சரிவில் உருண்டு, மடுவுக்குள்ளேயே விழுந்தது.

கயலி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "அடேயப்பா! நாம பத்து நாளா வாயில சுமந்த மண்ணை இவர் ஒரே முதுகுல சுமந்துட்டாரு. கொண்டுபோய்த் திரும்ப உள்ளேயே போட்டுட்டாரே, பாவி!"

துடியன் துள்ளி எழுந்தான். "கயலி! என்ன சொன்னே? முதுகு!"

செம்மண் காட்டுக்காரர்கள் பெரும்பாலும் சின்ன உடம்புக்காரர்கள். அவர்களுக்கு வாய்தான் கூடை. நாவல்மடுவிலோ யானை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது, பன்றிக் கூட்டம் இருக்கிறது. இங்கே முதுகுதானே கூடை! அங்கே பன்றிகள் மேட்டுப் பாறைக்கு ஏறிப்போய் உரசியதைக் கண்ணால் பார்த்தும், இவ்வளவு நாள் இது உறைக்கவில்லையே என்று துடியன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால், "பெரியவரே, மண் சுமங்கள்" என்றால் அவர் கேட்பாரா? துடியன் மெதுவாக மரத்தடிக்குப் போனான்.

"பெரியவரே, அரிப்பு தீர்ந்துச்சா?"

"எங்கே தீருது? இந்த மரம் உரசி உரசி வழவழன்னு ஆயிடுச்சு."

"செம்மண் காட்டுப் பன்றிங்க குடுத்து வெச்சதுங்க. மேட்டுப் பாறை வரைக்கும் ஏறிப்போய் உரசுதுங்க. சொரசொரப்பான பாறை. ஒரு உண்ணி ஒட்டுமா? நம்ம ஊர்லயும் மேலே அப்படி ஒரு பாறை இருக்கு. ஆனா அந்த ஏத்தம்... வேண்டாம், உங்க வயசுக்கு அது ஆகாது."

கொம்பையாவின் காதுகள் விரிந்தன. "யாருக்கு வயசு?"

"யாருக்கு வயசு?" என்று பாய்ந்தது நரி. "எங்க பெரியவர் ஒரு தடவை என்ன, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறுவாரு! பன்றிக்கு முடிஞ்சது யானைக்கு முடியாதா?"

"பத்துத் தடவையா?" துடியன் கண்ணை அகல விரித்தான். "அதுவும் இப்படிச் சேத்தோடயா? பன்றிகளே மூணு தடவைதான் ஏறுச்சுங்க."

"பத்து!" என்றது நரி. "மூணு நாளைக்கும் பத்துப் பத்து!"

கொம்பையா நரியை ஒரு பார்வை பார்த்தார். எல்லா விலங்குகளும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. இனி எப்படிப் பின்வாங்குவது? தன் வாயாலேயே கெட்டது தவளை என்பார்கள். இங்கே நரியின் வாயால் மாட்டிக்கொண்டது யானை.

கொம்பையா சேற்றில் இறங்கினார், புரண்டார். ஒரு குன்று நடப்பதுபோல மேட்டில் ஏறிப் பாறையில் உரசினார். ஆகா! முதுகில் அப்படி ஒரு சுகம். "இத்தனை வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று பிளிறினார்.

பெரியவர் செய்தால் போதாதா? காட்டெருமைகள் இறங்கின. பன்றிகள் இறங்கின. ஏறுவதும் உரசுவதும் இறங்குவதுமாக அந்த மேடு திருவிழாக் கண்டது. முதுகு சின்னதான மான்கள் வாயில் கவ்வின. குரங்குகள் கைகளால் அள்ளின. அவை திட்ட வேண்டியதை எல்லாம் திரும்பி வரும்போது திட்டிக்கொண்டன. ஆமாஞ்சாமி மட்டும் நிழலில் நிற்கப் பார்த்தது. "பத்துப் பத்துன்னு நீதானே சொன்னே? நீயும் ஏறு!" என்று கொம்பையா அதைச் சேற்றில் தள்ளினார்.

முதல் நாள் சேறு ஒரு முழம் இறங்கியது. இரண்டாம் நாள் அடியில் மணல் தெரிந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயில். மடுவின் நடுவில் இருந்த கலங்கலும் வற்றிவிட்டது. கயலி குட்டிகளைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மோந்து மோந்து பார்த்தாள். எதை விட்டுப் போவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

கொம்பையா முப்பதாவது தடவையாகப் பள்ளத்தில் படுத்துப் புரண்டார். திடீரென்று எகிறிக் குதித்து எழுந்தார்.

"யார்ரா அது? யாரு என் வயித்துக்குக் கீழே கிச்சுக்கிச்சு மூட்டுறது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் படுத்திருந்த இடத்தில் மணல் மெல்லக் கொப்பளித்தது. ஒரு குமிழி வந்தது. பிறகு கொத்தாகக் குமிழிகள் வந்தன. பிறகு கண்ணாடிபோலத் தண்ணீர் மேலே எழும்பி, யானையின் கால் நகங்களை நனைத்தது.

"ஊத்துக் கண்ணு திறந்துடுச்சு!" என்று கத்தினான் துடியன். "கயலி! நாலையும் உள்ளே கொண்டு போ! நாம எங்கேயும் போகலை!"

காடே ஆடியது. யானை பிளிறியது, எருமைகள் கொம்பை ஆட்டின. குரங்குகள் முதன்முறையாக ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. கயலி சிரித்துக்கொண்டே அழுதாள். சாயங்காலத்துக்குள் மான் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பெரிய ஆற்றுக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆடியில் வெள்ளம் வந்தபோது மடு ஆழமாக வாங்கி வைத்துக்கொண்டது.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் கயலியே சொன்னாள்: "எங்கேயாவது போயிட்டு வாங்களேன். வரும்போது வெறும் வாயோட வராதீங்க."

துடியன் செம்மண் காட்டுக்குப் போனான். அங்கே இரண்டு வருஷமாக ஒரு துளி மழை இல்லை. மழையே பெய்யாவிட்டால் ஊற்றுதான் என்ன செய்யும்? குட்டை காய்ந்து கிடந்தது. "கிளம்புங்க எல்லாரும்!" என்று செங்காட்டாளையும் அவள் கூட்டத்தையும் நாவல்மடுவுக்கு அழைத்து வந்தான்.

முயலும் உடும்பும் அணிலும் தாகத்தோடு தண்ணீரை நோக்கி ஓடின. குறுக்கே வந்து நின்றார் கொம்பையா.

"வாங்க வாங்க, விருந்தாளிங்களா? வயிறு முட்டக் குடிங்க. ஆனா எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு. குடிச்சவங்க கொஞ்சம் மண்ணு எடுத்து மேட்டுல போடணும். எங்க தாத்தா காலத்து வழக்கம்!"

"தாத்தா காலத்து வழக்கம்!" என்றது நரி.

செங்காட்டாள் துடியனைத் திரும்பிப் பார்த்தாள். துடியன் வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தான்.

செங்காட்டாள் மூக்கால் மண்ணைத் தொட்டு வணங்கினாள். "அடடா, எவ்வளவு நல்ல வழக்கம், பெரியவரே! விருந்தாளிக்குத்தானே முதல் வாய்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். பிறகு குனிந்து, ஒரு மூக்கு மண்ணை எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள்.

நீதி: அயலூரின் நல்ல வழக்கத்தைக் கண்டு வந்து, தன் ஊருக்கு ஏற்றபடி செய்பவனே தன் மண்ணையும் நீரையும் காப்பான்.