பேசாத டீச்சர் மீது ஒரு வழக்கு

ஒன்பதாம் வகுப்பில் ஒரே சத்தம். சமூக அறிவியல் நடத்தும் தற்காலிக ஆசிரியை அமலோற்பவமோ சுவரோரம் சும்மா நின்றிருந்தாள். பார்வையிட வந்த அதிகாரி தில்லைநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பாடமே நடத்தாத உனக்கு எதுக்கும்மா வேலை? நாளையிலேர்ந்து வராதே!”

“பாடத்தை நேத்தே வீடியோவா பிள்ளைங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன் சார். இப்ப அவங்க அதை வெச்சு மாதிரி நீதிமன்றம் நடத்துறாங்க. உங்க புகாரையும் அங்கேயே சொல்லுங்களேன்” என்றாள் அவள், பணிவாக.

“புகாரென்ன புகார்? அதான் தீர்ப்பே சொல்லிட்டேனே!”

நீதிபதியாக உட்கார்ந்திருந்த மாணவி சுகந்தி மேசையைத் தட்டினாள். “புகார் சொல்றவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது சார். டீச்சர் தரப்பையும் கேட்கணும்.”

அதிகாரி அசந்துபோனார். “இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“டீச்சர்தான் சார், வீடியோவுல!” என்றது மொத்த வகுப்பும்.

அதிகாரி தன் வழக்கைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.