இந்த வருஷக் கனி

“பொறக்கப் போற வருஷம் எனக்கு என்ன வச்சிருக்கு அம்மா? அதை மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்” என்றாள் கோலம்மை.

மடத்து அம்மா வாழைத்தண்டில் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எங்க போவீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. எம் மவகிட்ட.”

“அவதானே உங்களை இங்க அனுப்புனா?”

கோலம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அன்று பங்குனியின் கடைசி நாள். விடிந்தால் சித்திரை. விடிந்தால் நாகர்கோவிலில் அவள் மகள் பகவதிக்கு ஆபரேஷன். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. இதையாவது உயிரோடு வெளியே எடுத்துவிட வேண்டும் என்று நாள் நிறையும் முன்பே தேதி குறித்திருந்தார்கள்.

காலையில் ஆஸ்பத்திரியில் கோலம்மை கட்டிலருகே உட்கார்ந்து மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். நர்ஸ் போன பிறகும் நின்றாள். கடைசியில் பகவதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“அம்மா, உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் குலை நடுங்குது. அவரு இருக்காருல்லா. நீ மடத்துக்குப் போ.”

வந்துவிட்டாள்.

மலையடிவாரத்தில் அந்தச் சின்ன மடம். அதை நடத்தியவள் கோலம்மையைவிட மிகவும் இளையவள். இருந்தாலும் கோலம்மை அவளை அம்மா என்பாள். அவள் கோலம்மையை அக்கா என்பாள்.

“சாமிய நம்பு, நம்புன்னு எல்லாரும் சொல்லுதாங்க. ரெண்டு தடவையும் நம்பத்தான் செஞ்சேன் அம்மா.”

மடத்து அம்மாவின் கத்தி நின்றது. விரலில் சுற்றியிருந்த நாரை மெல்ல உருவிப் போட்டாள்.

“இந்த வருஷம் கனி நான் வைக்கேன். நீங்க படுத்துக்கிடுங்க.”

கோலம்மை பதறிவிட்டாள்.

சித்திரை முதல் நாள் விழித்ததும் கண்ணில் படவேண்டியது கனி. பெரிய தட்டில் அரிசி, வெள்ளரி, மாங்காய், கொன்றைப் பூ, பின்னால் ஒரு கண்ணாடி. முந்தின நாளே சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். வைத்தவர் விடியுமுன் எழுந்து விளக்கேற்றி, ஒவ்வொருவராக எழுப்பி, கண்ணைக் கையால் பொத்தி நடத்திக்கொண்டு வருவார். மடத்தில் அந்த வேலை என்றைக்கும் கோலம்மையுடையது. வீட்டிலும் அவளுடையதாகவே இருந்தது. எத்தனையோ பேர் கண்ணை அவள் பொத்தியிருக்கிறாள். அவள் கண்ணை யாரும் பொத்தியதில்லை.

பூஜை அறைக் கதவு சாத்தியிருந்தது. கோலம்மை வெளியே நின்றாள்.

“கொன்றையில எறும்பு இருக்கும், உதறுங்க!”

“சரி அக்கா.”

“வெள்ளரி உருண்டு கண்ணாடியத் தள்ளிரும்! அரிசியக் குவிச்சு அண்டை குடுங்க!”

“சரி அக்கா.”

“கண்ணாடியக் கொஞ்சம் சாய்ச்சு...”

“அக்கா, உள்ள சாமி இருக்காரு. விட்டா அவருக்கும் சொல்லிக் குடுப்பீங்க போல. போய்ப் படுங்க.”

படுத்தாள். தூக்கம் எங்கே வந்தது? வெள்ளரி உருண்டது. ஆபரேஷன் விளக்கு எரிந்தது. கண்ணாடி விழுந்து உடைந்தது. மறுபடியும் வெள்ளரி உருண்டது.

கிழக்கு வெளுக்குமுன் இரண்டு கைகள் வந்து அவள் கண்ணைப் பொத்தின. சந்தன வாசனை.

“எந்திரிங்க அக்கா. கண்ணைத் திறக்கப்படாது.”

நடந்தார்கள்.

“படி வரும்.”

“தெரியும்.”

“இடது பக்கம் தூணு.”

“நான் பாத்துக்கிடுதேன்.”

கைகள் நின்றன.

“கண்ணைத் திறந்துட்டீங்க.”

“இல்லியே.”

“உங்க இமை என் உள்ளங்கையில உரசுது.”

திரும்பவும் பாய்க்குக் கூட்டிவந்து, திரும்பவும் நடத்தினாள். அதே தூணருகே அதே இமை உரசியது. பிடிபட்ட திருடிபோலக் கோலம்மை நின்றாள்.

“தட்டு சரியா இருக்கான்னு பாக்கத்தான்...”

மடத்து அம்மா சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

“பகவதிய இப்படிக் கூட்டிட்டு வருவீங்களே, சின்னதுல. அவ திறப்பாளா?”

“அவளா? பாதித் தூக்கத்துல எம்மேல சாஞ்சுக்கிட்டே வருவா. காலு எங்க படுதுன்னுகூடப் பாக்க மாட்டா.”

“தட்டுல என்ன இருக்குன்னு கேப்பாளா?”

“கேட்டதே இல்ல.”

“எல்லா வருஷமும் நிறைய வச்சீங்களோ?”



“ஒரு வருஷம் வைக்க ஒண்ணுமில்ல. அவ அப்பா படுக்கையில கெடந்தாரு. வீட்டுல வாடின வெள்ளரி ஒண்ணு, பொறவு நான் மடத்துக்குக் குடுத்த இந்தக் கண்ணாடி. பிள்ளை ஏமாந்துருமேன்னு கண்ணுலருந்து கைய எடுக்கவே மனசில்ல.”

“அழுதாளா?”

“இல்ல. சிரிச்சா. கண்ணாடியப் பாத்துச் சிரிச்சா. அதுல அவளுக்குப் பின்னால எம் முகம்...”



எங்கோ ஒரு குயில் கூவிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. மடத்து அம்மாவின் உள்ளங்கை நனைந்தது. இமை உரசவில்லை.

பூஜை அறை வாசலில் எண்ணெய்த் திரியின் மணம் வந்தது.

“வந்துட்டோம். கையை எடுக்கட்டுமா?”

“வேண்டாம் அம்மா. கண்ணாடிய மட்டும் எடுத்துத் தாங்க. முத பஸ் போயிரும்.”

“கனி பாக்கலியா?”

“நீங்க வச்சிருக்கீங்கல்லா. இருக்கும்.”

ஆஸ்பத்திரியில் பகவதிக்குப் பச்சை அங்கி மாட்டி, தள்ளுகட்டிலில் ஏற்றி உட்கார்த்தியிருந்தார்கள். அவள் கணவன் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தான்.

கோலம்மை தலைமாட்டில் வந்து நின்று மகளின் கண்ணைப் பொத்தினாள்.

“யாரு?”

“நாந்தான் மக்ளே. கனி.”

“இங்கயா?” பகவதியின் குரல் உடைந்திருந்தது. “தட்டு இருக்கா?”

“தட்டு இல்ல.”

பகவதி அதற்குமேல் கேட்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து அம்மாவின் வயிற்றில் வைத்துக்கொண்டாள். கோலம்மையின் உள்ளங்கையில் இமை உரசவில்லை.

ஒரு கையால் கண்ணாடியை முன்னால் பிடித்தாள். மறு கையை எடுத்தாள்.

பகவதி பார்த்தாள். தன் முகத்தை அல்ல. அதற்குப் பின்னால் தெரிந்ததை வெகுநேரம் பார்த்தாள்.

“நேரமாச்சு, வழி விடுங்க” என்றாள் நர்ஸ்.

கட்டில் நகர்ந்தது. கதவருகே போனதும் பகவதி திரும்பினாள்.

“எம்மா, நீ எங்கயும் போயிராத. இங்கயே இரு.”