கோர் எழுதாமல் விட்ட இடம்

மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில், மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளைக் கிடத்த நான்கு சூட்டு மேசைகள் இருந்தன. நர்சுகள் அவற்றை வார்மர் என்பார்கள். தலைக்கு மேலே சூட்டுக் கம்பி, குழந்தையின் வயிற்றில் ஒட்ட ஒரு சென்சார் ஒயர், இரண்டுக்கும் நடுவே கணக்குப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி. நான்காம் நம்பர் வார்மரின் பெட்டி செத்துப் போயிருந்தது. அதைச் செய்த கம்பெனியே மூடி ஆறு வருஷம் ஆகிறது.

மூன்று குழந்தைகள் படுத்திருக்கும்போது நாலாவதாக ஒன்று பிறந்தால் ஆம்புலன்சில் இரண்டு மணி நேரம் கீழே போக வேண்டும். போன மழைக்காலத்தில் அப்படிப் போன ஒன்று வழியிலேயே குளிர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், முன்பு துணி துவைத்த அறையில், சிஸ்டர் ஜெசிந்தா வேலை செய்தார். இருபத்தொன்பது வயது. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மடத்தில் சேர்ந்தவர். அவருடைய வெள்ளை உடுப்பின் வலது கையில் சால்டரிங் இரும்பின் சூடு பட்ட ஓட்டைகள் நிறைய இருக்கும். செத்த பெட்டிக்குப் பதிலாக அவர் ஒரு போர்டு செய்திருந்தார். அதில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் போக ஒரு புரோகிராம் வேண்டும்.

அதை எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள் தெக்லா. சிஸ்டரைவிட நாலு வயது மூத்தவள். பெங்களூரில் ஏழு வருஷம் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்கு எழுதிவிட்டு, பிரசவத்துக்கு ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவள். அவள் மகள் ஆன்சி எட்டாம் மாதத்திலேயே பிறந்து இதே வார்டில் பதினோரு நாள் படுத்திருந்தாள். அந்தப் பதினோரு நாளில் தெக்லா எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

முதல் நாள் அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். திரையில் வணக்கம் என்று காட்டும் வரி. எழுதியதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அதை ஏற்கவில்லை.

“காட்ட வழியே இல்லையா சிஸ்டர்?”

“திரை எங்க இருக்கு அக்கா?”

தெக்லா போர்டைப் பார்த்தாள். திரை இல்லை. நேரம் கேட்கும் வரியை எழுதினாள். அதுவும் இல்லை என்றது.

“நேரம்கூடவா தெரியாது?”

“கடிகாரம் எங்க இருக்கு?”

அன்று முழுக்க இப்படியே போயிற்று. கோப்பு இல்லை. நெட் இல்லை. வேண்டும்போது வேண்டிய அளவு நினைவிடம் வாங்கிக்கொள்ளும் வசதியும் இல்லை. ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தெக்லா பழகியிருந்த பெரிய லைப்ரரி, அதாவது பிறர் முன்பே எழுதி வைத்த வரிகளின் தொகுப்பு, அடியில் ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. இங்கே கம்ப்யூட்டர் கிடையாது, சிப்தான். அதனால் பெரிய லைப்ரரிக்கும் அடியில் கிடக்கிற சின்ன லைப்ரரி மட்டுமே மிச்சம். அதன் பெயர் கோர்.

“இதுக்கு என்னதான் தெரியும்?”

“கூட்டத் தெரியும். பட்டியல்ல இல்லாத இடத்தைத் தொட்டா பிடிச்சு நிறுத்தத் தெரியும். ஒண்ணு இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியும்.”

“அவ்வளவுதானா?”

“எந்த ஊர்ல இறக்கி விட்டாலும் அவ்வளவும் தெரியும்.”

வீட்டோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினவள் பெட்டி மாதிரி இருக்கிறது என்றாள் தெக்லா. நானும் அப்படி ஒரு பெட்டியோடுதான் மடத்துக்கு வந்தேன், இரண்டு செட் உடுப்பும் மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் என்றார் சிஸ்டர். மடத்துத் தலைவியான மதர் மல்டிமீட்டரைப் பார்த்து இது என்ன ஜெபமாலை என்று கேட்டாராம்.

மூன்று வாரம் போனது. தெக்லா சென்சாரைப் படிக்க எழுதினாள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் எழுதினாள். வாங்க நினைவிடம் இல்லாததால் எதற்கு எவ்வளவு இடம் என்று முன்னாலேயே முடிவு செய்யப் பழகினாள். பெங்களூரில் ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. அவளுக்கே கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

கடைசியில் ஒரே ஓர் இடம் பாக்கி நின்றது.

நடக்கக்கூடாதது நடந்தால் புரோகிராம் அந்த இடத்துக்கு வந்து சேரும். அங்கிருந்து திரும்பிப் போகக் கூடாது என்பதை மட்டும் கோர் சொல்கிறது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் புரோகிராம் உருவாகவே உருவாகாது.

மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைத் தெக்லா தேடிப் பார்த்தாள். எல்லோரும் அங்கே ஒரே வரியைத்தான் போட்டிருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வரி. அவளும் அதையே போட்டாள். புரோகிராம் உருவானது.

சிஸ்டரிடம் காட்டினாள். சிஸ்டர் படித்துப் பார்த்தார். நான்காம் நம்பர் வார்மரைத் துணி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, புது போர்டைப் பொருத்தி, மேசையில் ஒரு சலைன் பையைக் கிடத்தி, அதன்மேல் சென்சாரை ஒட்டினார்.

“பை பக்கத்துல கையை வைங்க அக்கா.”

தெக்லா வைத்தாள். கம்பி சிவந்தது. சூடு முப்பத்தாறுக்கு வந்து நின்றது. கைக்கு இதமாக இருந்தது. மூன்று வார வேலை கையில் படுகிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிஸ்டர் சென்சார் ஒயரைப் பிடுங்கினார்.

சென்சார் இருக்கவே முடியாத ஓர் எண்ணைச் சொன்னது. புரோகிராம் அந்த எண்ணைச் சூட்டுப் பட்டியலில் தேடப்போய், பட்டியலில் இல்லாத இடத்தைத் தொட்டது. கோர் சரியாகப் பிடித்து நிறுத்தியது. நிறுத்தி, தெக்லா எழுதிய வரியில் கொண்டுபோய் விட்டது. அந்த வரி சுற்ற ஆரம்பித்தது.

கம்பி சிவந்தபடியே இருந்தது. சத்தம் இல்லை. விளக்கு மாறவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல இருந்தது.

சிஸ்டர் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்திரண்டு. தெக்லாவின் புறங்கை எரியத் தொடங்கியது.

“சிஸ்டர், சுடுது.”

“எடுத்துடுங்க.”

தெக்லா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சிஸ்டர் சுவிட்சை அணைத்தார்.

“உங்களுக்கு எடுக்கத் தெரியும்” என்றார்.

தெக்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைப் பார்த்தாள். சிவப்புதான், கொப்புளம் இல்லை. இதில் ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்டாள். இருக்கிறது, அது தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளாது என்றார் சிஸ்டர்.

தெக்லா சொன்னாள்: “என்னால முடியாது. வேற யாராவது எழுதட்டும்.”

தெக்லா புறங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

“இந்த லைப்ரரியை எழுதினவங்க என்னைவிடப் பெரிய ஆளுங்க. எல்லாத்தையும் யோசிச்சவங்க. அந்த ஒரு இடத்தையும் அவங்களே எழுதித் தந்திருக்கலாம்ல? ஏன் விட்டாங்க?”

சிஸ்டர் தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டார். இது வார்டிலிருந்து இரவல் வாங்கியது, பிலோமி அக்கா தேடுவார், வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

வார்டில் மூன்று வார்மரிலும் குழந்தைகள் இருந்தன. பிலோமி கதவுக்கு இடதுபக்கம், மருந்து அலமாரியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வார்டு நர்ஸ். ஆன்சியைப் பதினோரு நாள் பார்த்துக்கொண்டவர்.

“என்ன புள்ள, முகம் வெளுத்துக் கிடக்கு? மெஷினு ரெடியா?”

தெக்லா தெர்மாமீட்டரைக் கொடுத்தாள். போகத் திரும்பியவள் போகவில்லை. வார்மர் எப்போதாவது கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

பார்க்காமல் என்ன, வருஷத்துக்கு இரண்டு தரம் கெட்டுப்போகும் என்றார் பிலோமி. மின்சாரம் போய் வரும்போது ஒன்று படுத்துக்கொள்ளும். இன்னொன்று பைத்தியம் பிடித்த மாதிரி கொதிக்கும்.

“அப்போ என்ன செய்வீங்க?”

பிலோமி இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

“மொதல்ல சூட்டை அணைப்பேன். அப்புறம் கத்துவேன், யாராச்சும் வாங்கன்னு. அப்புறம் புள்ளைய எடுத்து அவ அம்மா நெஞ்சுல வெறும் மேலோட போட்டு மூடுவேன். அம்மா சூடு போதும், மெஷினைத் திட்ட அப்புறம் நேரம் இருக்கு.”

“பயமா இருக்காதா?”

“இருக்கும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும்.” பிலோமி ரிஜிஸ்தரைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டார். “ஒன் மகளைக்கூட ஒரு தரம் அப்படித் தூக்கி ஒம்மேல போட்டிருக்கேன். நீ அழுத அழுகையில அதெல்லாம் ஞாபகம் இருக்காது.”

தெக்லாவுக்கு ஞாபகம் வந்தது. ஆன்சி முதல்முறையாக அவள் நெஞ்சின்மேல் கிடந்த மத்தியானம். பால் கொடுக்கத்தான் எடுத்துத் தந்தார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அப்போது மின்சாரம் போயிற்று. வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று பிடித்துக்கொண்டது. பிலோமி ஏதோ சொன்னார். ஜெனரேட்டர் இரைச்சலில் அது தெக்லாவின் காதில் விழவில்லை. அவள் பிலோமியின் நாற்காலியைப் பார்த்தாள். நான்காம் நம்பர் நிற்க வேண்டிய மூலையைப் பார்த்தாள். அந்த மூலையிலிருந்து நாற்காலி வரை நடந்தாள். பதினான்கு அடி.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. துணி அறைக்குத் திரும்பி வந்தாள். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

தெக்லா அந்தச் சுற்றும் வரிக்கு முன்னால் இரண்டு வரி சேர்த்தாள். ஒன்று சூட்டை அணைக்கும். இன்னொன்று பஸ்ஸரை அலற வைக்கும். பிறகுதான் சுற்றும், யாராவது வந்து சுவிட்சைத் தொடும் வரை. போர்டில் இருந்த பஸ்ஸர் போதாது, ஜெனரேட்டர் ஓடும்போது பதினான்கு அடியில் கேட்க வேண்டும், லாரியில் வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். சிஸ்டர் டிராயரைத் திறந்து அப்படி ஒன்றை எடுத்து வைத்தார். முன்பே வாங்கி வைத்திருந்தார் போலிருக்கிறது.

மறுநாள் காலை நான்காம் நம்பரை வார்டில் அதன் மூலையில் நிறுத்தினார்கள். ஏழு நாள் தண்ணீர்ப் பைதான் படுக்கும், டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகே குழந்தை என்றார் சிஸ்டர். சலைன் பையைக் கிடத்தினார்கள். சூடு முப்பத்தாறில் நின்றது. ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். தெக்லா கையைப் பையின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

சிஸ்டர் ஒயரைப் பிடுங்கினார்.

கம்பியின் சிவப்பு இறங்கியது. பஸ்ஸர் அலறியது. பிலோமி ரிஜிஸ்தரைப் போட்டுவிட்டு நாலே எட்டில் வந்து சலைன் பையைத் தூக்கிவிட்டார். தூக்கின பிறகுதான் என்ன தூக்கினோம் என்று பார்த்தார்.

“தண்ணிக்கா இந்தக் கத்து கத்துது?” என்று திட்டினார். மூன்று குழந்தைகளும் விழித்துக்கொண்டு அழுதன. பிலோமி பையை மார்போடு பிடித்தபடியே சிரித்துவிட்டார்.

தெக்லா கையை எடுத்தாள். சுடவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு, ஜன்னல் ஓரம் நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டே, அவள் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

“ரெண்டே வரிதானே சிஸ்டர். கோர் எழுதினவங்க ஏன் அந்த இடத்தை மட்டும் நமக்கு விட்டாங்க?”

சிஸ்டர் ஜெசிந்தா அவள் கையிலிருந்து ஒயரை வாங்கிக்கொண்டார்.

“பிலோமி அக்கா எந்த நாற்காலியில உட்காருவாங்க?”

“கதவுக்கு இடதுபக்கம். மருந்து அலமாரிகிட்ட.”

“அது கோர் எழுதினவங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?”